வாக்காளர் தோற்கடிக்காத வேட்பாளர்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிகளின் பட்டியலில் முதல் எண் கும்மிடிப்பூண்டிக்கு உரியது. தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் வந்த எண் இது. அதற்கு முன் அந்த இடம் ராயபுரத்திடம் இருந்தது. வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சியில் 234 பெயர்களும் ஓடும்போது முதலில் வருவது இந்தத் தொகுதிதான். ஆனால் அதன் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள் என்று வெளியூர்க்காரரிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரு சினிமாதான் அவர் நினைவுக்கு வரும். 2017-இல் வெளிவந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’. வடநாட்டுப் பவாரியா கொள்ளைக் கும்பலைத் தமிழகக் காவல்துறை தேடிப் பிடித்த கதை. அந்தக் கும்பலுக்குப் பலியானவர்களில் ஒருவர் கே. சுதர்சனம், அன்றைய கும்மிடிப்பூண்டி அதிமுக எம்.எல்.ஏ. பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில் அவருடைய வீட்டில் 2005 ஜனவரி 9 அதிகாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். படம் காவல்துறையை நினைவில் நிறுத்தியது. இறந்தவரின் அரசியலையோ, அவருக்குப் பின் அதே நாற்காலிக்கு வந்த மகனின் அரசியலையோ யாரும் பேசவில்லை.

இந்தக் கட்டுரை அந்த மகனைப் பற்றியது. கே.எஸ். விஜயகுமார் கும்மிடிப்பூண்டியில் மூன்று முறை அதிமுகவின் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றார்: 2005 இடைத்தேர்தல், 2006, 2016. மூன்று முறையும் வென்றார். இடையில் 2011-இலும், கடைசியில் 2021-இலும் அவர் நிற்கவே இல்லை; இரண்டு முறையும் தொகுதியை அவருடைய கட்சி கூட்டணிக் கட்சிக்குக் கொடுத்துவிட்டது. கும்மிடிப்பூண்டி வாக்காளர் அவரை ஒருமுறைகூடத் தோற்கடித்ததில்லை. ஆனாலும் இரண்டு முறை நாற்காலி அவர் கையைவிட்டுப் போனது. தேர்தல் கணக்கில் தோல்வியே இல்லாத ஒருவரை எப்படி எடை போடுவது?

முதலில் தொகுதியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதன் அமைப்பே பாதி விடையைச் சொல்லிவிடும். சென்னையிலிருந்து வடக்கே போகும் புறநகர் மின்சார ரயில் தமிழ்நாட்டுக்குள் கடைசியாகத் தொடும் பெரிய ஊர் கும்மிடிப்பூண்டி. அதைத் தாண்டினால் எளாவூர் சோதனைச் சாவடி, ஆரம்பாக்கம், அப்புறம் ஆந்திரம். கிழக்கே பழவேற்காடு ஏரியின் கரையோர மீனவக் கிராமங்கள். மேற்கே ஊத்துக்கோட்டைப் பக்கம் ஆரணியாற்றுப் பாசனம், நெல், பூ. நடுவில் சிப்காட் தொழிற்பேட்டை: இரும்பு உருக்கும் ஆலைகள், மறுஉருட்டு ஆலைகள், ரசாயனக் கம்பெனிகள். தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் ஊர்கள். வன்னியர், தலித், தெலுங்கு பேசும் சாதிகள் என்று எந்த ஒரு கட்சியும் தன் சொத்தாக எழுதிக்கொள்ள முடியாத கலவை.

இங்கே வாழ்பவர்கள் எல்லோரும் இங்கே வாக்களிப்பதில்லை என்பது முக்கியம். சிப்காட் ஷெட்டுகளில் வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளில் பெரும்பாலோருடைய பெயர் இங்கே வாக்காளர் பட்டியலில் இல்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வாக்குரிமையே இல்லை. 2021-இல் அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது, வாக்குச்சீட்டு நிலைமை மாறவில்லை. ஆலை நிர்வாகங்களின் தலைமையகம் சென்னையிலோ வேறு மாநிலத்திலோ இருக்கும். ஆகவே தொகுதியின் பொருளாதாரத்தை இயக்குபவர்களும், அதில் உடலைக் கொடுத்து உழைப்பவர்களில் பெரும்பகுதியினரும் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் கணக்கில் வருவதில்லை. வாக்கு கேட்டுப் போகும் இடம் கிராமம். தொகுதியின் தலையெழுத்து எழுதப்படும் இடம் கம்பெனி. எந்தக் கட்சி எம்.எல்.ஏ. வந்தாலும் இந்தப் பிளவின் மேல்தான் உட்கார வேண்டும்.

முன்னால் இருந்தவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1957-இல் காங்கிரஸின் கமலாம்புஜம்மாள், 1962-இல் சுதந்திராக் கட்சியின் ராகவ ரெட்டி. 1967-இலும் 1971-இலும் திமுகவின் கவிஞர் கா. வேழவேந்தன். 1977, 1980, 1984 என்று தொடர்ந்து மூன்று முறை அதிமுகவின் ஆர்.எஸ். முனிரத்தினம். இன்று கவரைப்பேட்டையில் போய் முனிரத்தினம் யார் என்று கேட்டால் 1995-இல் தொடங்கிய ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரியைத்தான் கைகாட்டுவார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இருந்த எம்.எல்.ஏ. பதவியை அல்ல. அரசியலைவிட்டு அவர் கட்டியது நிலைத்துவிட்டது என்பது அவருக்குப் பெருமை. அவர் இருந்த பதவியின் கனம் எவ்வளவு என்பதையும் அதுவே சொல்கிறது. பிறகு 1989-இலும் 1996-இலும் திமுகவின் கி. வேணு, நடுவே 1991-இல் அதிமுகவின் சக்குபாய், 2001-இல் சுதர்சனம்.

இந்த வரிசையை இன்னொரு விதமாகப் பாருங்கள். 1967 முதல் 2021 வரை நடந்த 13 பொதுத்தேர்தல்களில் 12 முறை, மாநிலத்தில் எந்த அணி ஆட்சியைப் பிடித்ததோ அந்த அணியையே கும்மிடிப்பூண்டியும் தேர்ந்தெடுத்தது. திமுக அலை என்றால் திமுக, எம்.ஜி.ஆர். அலை என்றால் அதிமுக. ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அதிமுக. ஜெயலலிதா எதிர்ப்பு அலையில் திமுக. வேட்பாளர் யார் என்பதைவிட காற்று எந்தப் பக்கம் என்பதுதான் இங்கே தேர்தல். இப்படிப்பட்ட தொகுதியில் வென்றதை வைத்து ஒருவரின் தனிப்பட்ட செல்வாக்கை அளக்க முடியாது. அளக்க முடிகிற ஒரே தேர்தல், அந்த 13-இல் விதிவிலக்காக நின்ற ஒன்று, 2006. அதில் வென்றவர் விஜயகுமார்.

அதற்கு வருமுன் 2005. தந்தை கொலையுண்ட சில மாதங்களில் இடைத்தேர்தல்; மே 14 அன்று வாக்குப்பதிவு. அன்றே காஞ்சிபுரத்திலும் இடைத்தேர்தல். அங்கும் அதிமுக எம்.எல்.ஏ. எஸ்.எஸ். திருநாவுக்கரசு இறந்ததால் காலியான இடம், அங்கும் நின்றவர் குடும்பத்தவர்: மைதிலி திருநாவுக்கரசு. முந்தைய ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் திமுக கூட்டணி அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஜெயலலிதா அரசு மதமாற்றத் தடைச் சட்டம் உட்படப் பல முடிவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு தரையில் கால் ஊன்ற முயன்ற நேரம். இரண்டு இடைத்தேர்தல்களும் அரசுக்கு மானப் பிரச்சினை. அமைச்சர்கள் இரண்டு தொகுதிகளிலும் முகாமிட்டார்கள். இரண்டிலும் அதிமுக வென்றது.

இந்த வெற்றியில் விஜயகுமாரின் பங்கு என்ன? அனுதாபம் ஒன்று. ஆளுங்கட்சியின் இடைத்தேர்தல் இயந்திரம் இன்னொன்று. காஞ்சிபுரத்தில் துப்பாக்கிச் சூடும் இல்லை, கொள்ளைக் கும்பலும் இல்லை. ஆனாலும் அதிமுக அங்கேயும் வென்றதே. ஆகவே கும்மிடிப்பூண்டி வெற்றியை முழுக்க அனுதாப வாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது, முழுக்க வேட்பாளரின் வெற்றி என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. இடைத்தேர்தலை ஆளுங்கட்சி எப்படி நடத்தும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2005-ஐப் பொறுத்தவரை என் மதிப்பீடு: பெற்றது, சம்பாதித்தது அல்ல. வாரிசு அரசியல் என்று பொத்தாம்பொதுவாகத் திட்டுபவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தக்கூடாது. பெற்றதை ஒருவர் என்ன செய்தார் என்பதில்தான் வாரிசுக்குப் பரீட்சை.

பரீட்சை ஓராண்டிலேயே வந்தது. 2006-இல் திமுக, காங்கிரஸ், பாமக, இடதுசாரிகள் ஒரே அணி. கும்மிடிப்பூண்டியையும் காஞ்சிபுரத்தையும் திமுக பாமகவுக்குக் கொடுத்தது. வட மாவட்டங்களில் பாமகவின் மாம்பழமும் திமுகவின் உதயசூரியனும் சேர்ந்தால் என்ன பலம் என்பது அதிமுகவுக்குத் தெரியும். காஞ்சிபுரத்தில் பாமகவின் கமலாம்பாள் வென்றார். ஓராண்டுக்கு முன் பிடித்த இடத்தை அதிமுகவால் காப்பாற்ற முடியவில்லை. கும்மிடிப்பூண்டியில் பாமகவின் துரை ஜெயவேலு மயிரிழையில் தோற்றார். அதிமுக மாநிலம் முழுவதும் 61 இடங்களோடு எதிர்க்கட்சி வரிசைக்குப் போனது. அந்த 61-இல் ஒன்று விஜயகுமாருடையது. ஒரே நாளில், ஒரே சூழ்நிலையில் இடைத்தேர்தல் கண்ட இரண்டு தொகுதிகள். அடுத்த ஆண்டு ஒரே மாதிரியான எதிரணி. ஒன்று விழுந்தது, ஒன்று நின்றது. தேர்தல் ஆய்வில் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு எளிதில் கிடைக்காது.

ஆனாலும் இதை ஊதிப் பெரிதாக்கக்கூடாது. அந்தத் தேர்தலில்தான் விஜயகாந்தின் தேமுதிக முதன்முறையாகக் களமிறங்கி ஏறக்குறைய எல்லாத் தொகுதிகளிலும் தனித்து நின்றது. ஆட்சிக்கு எதிரான வாக்கு ஒரே இடத்தில் குவியாமல் சிதறியது. வித்தியாசம் மெலிந்த ஒரு வெற்றியில் மூன்றாவது கட்சியின் பங்கை ஒதுக்கிவிட்டு வேட்பாளரின் புகழ் பாடுவது நேர்மையில்லை. இருந்தாலும் தேமுதிக காஞ்சிபுரம் பக்கமும் இருந்தது. வட மாவட்டங்கள் எங்கும் இருந்தது. மிச்சம் ஏதோ ஒன்று கும்மிடிப்பூண்டியில் மட்டும் கூடுதலாக வேலை செய்திருக்கிறது. அது தந்தையின் உள்ளூர்த் தொடர்புகளாக இருக்கலாம், ஓராண்டில் மகன் வீடு வீடாகப் போய்ச் சேர்த்த நம்பிக்கையாக இருக்கலாம். இரண்டும் கலந்ததாகவும் இருக்கலாம். எப்படியானாலும், 54 ஆண்டுகளில் காற்றுக்கு எதிராகக் கும்மிடிப்பூண்டியில் வென்ற ஒரே வேட்பாளர் அவர். இந்த வரியை அவருடைய அரசியல் வாழ்க்கையிலிருந்து யாரும் அழிக்க முடியாது.

2006 முதல் 2011 வரை எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அந்தக் காலத்தில்தான் தொகுதியில் மிகப் பெரிய நிலப் பிரச்சினை எழுந்தது. தேர்வாய்கண்டிகையில் சிப்காட்டின் புதிய தொழிற்பூங்காவுக்காக ஆயிரம் ஏக்கருக்கு மேல் மேய்க்கால் நிலமும் காட்டோர நிலமும் எடுக்கப்பட்டன. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் அந்தக் கிராமத்து மக்கள் எதிர்த்தார்கள். மாடு மேய்க்கவும், விறகு பொறுக்கவும், ஏரிக்கு வரும் நீர்வரத்துக்கும் அந்த நிலத்தை நம்பியிருந்தவர்கள் அவர்கள். மிஷெலின் டயர் நிறுவனத்தோடு 2009-இல் அரசு ஒப்பந்தம் போட்டது. ஆலை வந்தது.

இங்கே எம்.எல்.ஏ.வை எடை போடுவது சுலபமல்ல. நிலத்தை எடுப்பது தொழில் துறையும் வருவாய்த் துறையும். சிப்காட் மாநில அரசின் நிறுவனம். மாசு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இந்தச் சங்கிலியில் தொகுதி எம்.எல்.ஏ.வுக்குச் சட்டப்படி ஒரு கண்ணிகூடக் கிடையாது. கூட்டத்துக்கு அழைக்கலாம், அழைக்காமலும் விடலாம். ஆளுங்கட்சிக்காரர் என்றால் அமைச்சரைப் பார்த்துப் பேசலாம். எதிர்க்கட்சிக்காரருக்கு அதுவும் இல்லை. அவருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் சட்டமன்றத்தில் எழுந்து பேசுவது: கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, மானியக் கோரிக்கை விவாதம். உண்மையில் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்குத் தேர்வாய்கண்டிகை ஒரு சாபம் அல்ல, ஒரு வாய்ப்பு. ஒரு தொகுதியின் பெயரை மாநிலம் முழுக்கக் கேட்க வைக்கும் வாய்ப்பு. அந்தப் போராட்டம் தமிழ்நாட்டில் நினைவுகூரப்படும்போது கிராம மக்களின் பெயரோடும் நிலவுரிமை இயக்கங்களோடும் நினைவுகூரப்படுகிறதே தவிர, தொகுதி உறுப்பினரின் பெயரோடு அல்ல. அவர் பக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும்: தொழிற்சாலையைக் கொண்டுவருவதில் அதிமுகவுக்கும் திமுகவுக்கும் கொள்கை வேறுபாடு எதுவும் இல்லை. ஆலை வேண்டாம் என்று பேசினால் சொந்தக் கட்சியே ரசிக்காது. வேண்டும் என்று பேசினால் கிராமம் ரசிக்காது. பேசாமல் இருப்பதுதான் லாபம். ஆனால் லாபத்துக்கு மதிப்பெண் போடுவது விமர்சகனின் வேலை அல்ல.

2011 இந்தத் தொகுதியின் வரலாற்றில் வினோதமான தேர்தல். அதிமுக கூட்டணியில் 41 இடம் பெற்ற தேமுதிகவுக்குக் கும்மிடிப்பூண்டி போனது, வேட்பாளர் சி.எச். சேகர். எதிரணியில் திமுக மறுபடியும் பாமகவுக்கே கொடுத்தது, வேட்பாளர் கே. சேகர். இரட்டை இலையும் இல்லை, உதயசூரியனும் இல்லை. முரசும் மாம்பழமும், இரண்டு சேகர்கள். பல காலமாக இலைக்கும் சூரியனுக்கும் கை பழகிய வாக்காளர்கள் வாக்குப்பதிவு இயந்திரத்தில் இரண்டையும் காணாமல் தேட வேண்டியிருந்தது. அதிமுக அணி 203 இடங்களைப் பிடித்த அலையில் முரசு எளிதாக வென்றது. ஆனால் சில மாதங்களிலேயே கூட்டணி முறிந்தது. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த விஜயகாந்த் ஆளுங்கட்சிக்கு எதிராகத் திரும்பினார். ஆளும் அணிக்கு வாக்களித்த கும்மிடிப்பூண்டிக்கு ஐந்தாண்டுகள் கிடைத்தது எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.

விஜயகுமார் மாத்திரம் அந்த ஆண்டு நின்றிருந்தால் வென்றிருப்பார் என்பதில் சந்தேகம் வர இடமே இல்லை. 2006-இன் எதிர்க்காற்றில் நின்றவருக்கு 2011-இன் சாதகக் காற்றில் என்ன குறை? ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வாக ஐந்தாண்டு என்பது தொகுதிக்குச் சாலை, பள்ளிக் கட்டடம், குடிநீர்த் திட்டம் என்று எதையாவது கொண்டுவரக்கூடிய காலம். அதைப் பறித்தது வாக்காளர் அல்ல, சென்னையில் நடந்த தொகுதிப் பங்கீடு. காற்றுக்கு எதிராக வென்றவருக்குக் கட்சி கொடுத்த பரிசு இது. 2006-இல் அதிமுகவின் கௌரவத்தைக் காத்த 61 பேருக்குள் இருந்தவர் என்ற தகுதி பேரத்தின்போது எடைக்கு வரவில்லை. அவர் தனியாகச் சுயேச்சையாக நின்று கட்சியை எதிர்க்கவும் இல்லை. அன்றைய அதிமுகவில் அது அரசியல் தற்கொலை என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

பொறுத்திருந்ததற்கு 2016-இல் பலன் வந்தது. இம்முறை எதிரில் நின்றவர் அதே சி.எச். சேகர், ஆனால் வேறு சட்டையில். தேர்தலுக்குச் சற்று முன் சந்திரகுமார் தலைமையில் தேமுதிகவிலிருந்து பிரிந்த மக்கள் தேமுதிகவுக்கு திமுக மூன்று இடம் கொடுத்தது: ஈரோடு கிழக்கு, மேட்டூர், கும்மிடிப்பூண்டி. மூவரும் உதயசூரியனில் நின்றார்கள், மூவரும் தோற்றார்கள். கும்மிடிப்பூண்டியில் வித்தியாசம் இருபதாயிரத்துக்கும் மேல். ஐந்தாண்டுக்கு முன் அதிமுக தயவில் வென்றவரை அதே வாக்காளர்கள் திருப்பி அனுப்பினார்கள். பாமக அந்த முறை தனித்து நின்றதால் எதிரணி வாக்கு பிரிந்தது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். என்றாலும் அதே திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடியில் அதிமுகவின் மாஃபா பாண்டியராஜன் 1,395 வாக்குகளில்தான் தப்பினார். திருவள்ளூர், மாதவரம், திருவொற்றியூர் மூன்றும் திமுக பக்கம் போயின. அந்தப் பின்னணியில் விஜயகுமாரின் வெற்றி கனமானது.

அடுத்து வந்தது 2017. ஜெயலலிதா மறைவுக்குப் பின் அதிமுக உடைந்து, ஒட்டி, மறுபடி உடைந்த ஆண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் மூன்று அதிமுக எம்.எல்.ஏ.க்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டின் அரசியல் முழுவதும் தெரிந்துவிடும். ஆவடி பாண்டியராஜன் ஓ. பன்னீர்செல்வம் பக்கம் போனார். நம்பிக்கை வாக்கெடுப்பில் முதல்வர் எடப்பாடி பழனிசாமிக்கு எதிராக நின்ற 11 பேரில் அவரும் உண்டு. அணிகள் இணைந்ததும் மறுபடி அமைச்சரானார். பூந்தமல்லி டி.ஏ. ஏழுமலை டி.டி.வி. தினகரன் பக்கம் போனார். தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் ஒருவராகி, 2019 இடைத்தேர்தலில் அந்தத் தொகுதி திமுகவுக்குப் போனது. கும்மிடிப்பூண்டி விஜயகுமார் எங்கும் போகவில்லை. பழனிசாமியை ஆதரித்த 122 பேரில் ஒருவராக இருந்தார். 18 பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆட்சி நூலிழையில் தொங்கிய அந்த நாட்களில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வும் தங்கத்துக்கு நிகர். 1,395 வாக்கில் ஜெயித்து அணி மாறியவர் அமைச்சர். இருபதாயிரத்துக்கு மேல் ஜெயித்து அணி மாறாதவர் வெறும் எம்.எல்.ஏ. விசுவாசத்துக்கு அதிமுகவில் அன்று என்ன விலை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

இதே காலத்தில்தான் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் முடிந்தது. 2013-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 380 கோடி ரூபாய் செலவில், 500 மில்லியன் கன அடி கொள்ளளவோடு 2020 நவம்பர் 21-இல் உள்துறை அமைச்சர் அமித் ஷா தொடங்கி வைத்தார். சென்னையின் ஐந்தாவது குடிநீர் ஏரி. நிலம் கும்மிடிப்பூண்டியுடையது, தண்ணீர் சென்னையுடையது. தொகுதிக்குள் எழுந்த மிகப் பெரிய அரசுக் கட்டுமானத்தை அந்தத் தொகுதியின் சாதனை என்று எந்த எம்.எல்.ஏ.வும் மார்தட்டிக்கொள்ள முடியாது. தொழில் என்றாலும் நீர் என்றாலும் கும்மிடிப்பூண்டி தலைநகரத்தின் கொல்லைப்புறம் போலத்தான் நடத்தப்படுகிறது. அதைத் தட்டிக் கேட்க ஆளுங்கட்சிக்காரராக விஜயகுமாருக்கு இருந்த காலம் 2016 முதல் 2021 வரை. நிலம் கொடுத்த ஊர்களுக்கு அந்த ஏரித் தண்ணீரில் பங்கு வேண்டும் என்ற கோரிக்கையை ஆளும் வரிசையிலிருந்து அவர் ஓர் இயக்கமாக்கியிருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும்.

2021-இல் மறுபடியும் அதே கதை. அதிமுக கூட்டணியில் தொகுதி பாமகவுக்கு, வேட்பாளர் எம். பிரகாஷ். திமுக 16 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகத் தன் சொந்தக் கட்சிக்காரரை இங்கே நிறுத்தியது. 2006-இலும் 2011-இலும் பாமகவுக்கு, 2016-இல் மக்கள் தேமுதிகவுக்கு என்று கொடுத்துக்கொண்டே வந்த கட்சி, டி.ஜெ. கோவிந்தராஜனை நிறுத்தி ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 2006-இல் உதயசூரியனின் தோளில் ஏறி நின்ற மாம்பழம், 2021-இல் அதே உதயசூரியனிடம் விழுந்தது.

விஜயகுமார் நின்றிருந்தால்? இந்த முறை அவரும் தோற்றிருப்பார் என்றே நினைக்கிறேன். திருவள்ளூர் மாவட்டத்தின் 10 தொகுதிகளும் திமுக அணிக்குப் போன ஆண்டு அது. ஆவடியில் அமைச்சர் பாண்டியராஜனே பெரிய வித்தியாசத்தில் வீழ்ந்தார். வித்தியாசம் குறைந்திருக்கலாம், முடிவு மாறியிருக்காது. அப்படியென்றால் தோல்வியே காணாதவர் என்ற பெயர் கூட்டணி ஒதுக்கீட்டால் அவருக்குக் கிடைத்த ஒரு சலுகையும்தான். 2011-இல் கட்சி அவரிடமிருந்து ஒரு வெற்றியைப் பறித்தது. 2021-இல் ஒரு தோல்வியிலிருந்து காப்பாற்றியது. அவருடைய ஆதரவாளர்கள் முதலாவதை மட்டும் சொல்வார்கள்.

கூட்டணி என்றால் கொடுத்து வாங்குவதுதானே, இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டு வாக்காளர் ஆளைப் பார்த்து அல்ல, ஆட்சியைப் பார்த்தே வாக்களிக்கிறார். கும்மிடிப்பூண்டியின் 13-இல் 12 என்ற கணக்கே அதற்குச் சாட்சி. அப்படியிருக்க உள்ளூர் ஆள் யார் என்பது முக்கியமா? முக்கியம் என்பதே என் வாதம். அமெரிக்காவில் வேட்பாளரைத் தேர்வதற்கே முதற்கட்டத் தேர்தல் நடக்கிறது. பிரிட்டனில் தொகுதிக் கிளை உறுப்பினர்களுக்கு வேட்பாளர் தேர்வில் பங்கு உண்டு. அங்கேயும் தலைமை தலையிடத்தான் செய்கிறது, குளறுபடிகள் நிறைய. ஆனால் பதவியில் இருக்கும் உறுப்பினருக்குத் தன் தொகுதிக்காரர்கள் தன்னைக் காப்பாற்றக்கூடும் என்ற நம்பிக்கை அங்கே கொஞ்சமாவது உண்டு. இங்கே ஐந்தாண்டு வேலையின் மதிப்பு ஓர் இரவுப் பேச்சுவார்த்தையில் பூஜ்யமாகிவிடும் என்றால், எம்.எல்.ஏ. யாருக்குப் பயப்படுவார்? சிப்காட் புகையில் இருமும் கிராமத்துக்கா, பங்கீட்டுக் குழுவுக்கா? கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985 முதல் வாக்கெடுப்பில் உறுப்பினரின் கையைக் கட்டியது; தொகுதிப் பங்கீடு வாயையும் கட்டிவிடுகிறது. கும்மிடிப்பூண்டிபோல் கூட்டணிக் கட்சிகளுக்குத் தள்ளிவிட வசதியான தொகுதிகளில் இது இரண்டு மடங்கு.

ஆகவே பழியின் பெரும் பங்கு விஜயகுமார் மீது அல்ல, அதிமுக மீது. அதே அளவுக்கு, 16 ஆண்டுகள் இந்தத் தொகுதியைச் சில்லறையாகக் கொடுத்துவந்த திமுக மீதும். ஆனால் மூன்று பதவிக்காலம், ஏறத்தாழ 11 ஆண்டுகள் என்பது ஒருவரைக் கட்சியின் நிழலில் முழுக்க மறைத்துவிடக்கூடிய அளவு குறைந்த காலமும் அல்ல. வேட்பாளராக அவர் இந்தத் தொகுதி கண்டவர்களில் முதல் வரிசை: 2006 அதற்குச் சான்று, 2016 துணைச்சான்று. வாரிசாக, பெற்றதை இழக்காமல் காத்தார். பிரதிநிதியாகத் தேர்வாய்கண்டிகை நிலம், ஏரித் தண்ணீர், ஆலைப் புகை, உள்ளூர் வேலை ஆகிய நான்கில் எதிலும் அவர் பெயரோடு ஒட்டி நிற்கும் ஒரு பெரிய வாதம் பொதுவெளியில் என் கண்ணில் படவில்லை. தேர்தலில் தேறியவர், சட்டமன்றத்தில் தேறவில்லை என்பதே என் தீர்ப்பு.

தந்தையைக் கொன்ற வழக்கு இழுத்து இழுத்து, 2025 நவம்பரில்தான் சென்னை நீதிமன்றம் மூன்று பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஆயுள் தண்டனை விதித்தது. ஒரு சட்டமன்ற உறுப்பினர் கொல்லப்பட்ட வழக்கில் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பு வர இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதற்குள் அவருடைய தொகுதியில் நான்கு பொதுத்தேர்தல்களும் ஓர் இடைத்தேர்தலும் நடந்து முடிந்துவிட்டன.